சம்பளம் வேண்டாம் என்ற வாரியத் தலைவர்

ஜெபதாஸுக்கு இரண்டு பதவி. இரண்டுமே சின்னதுதான், ஆனால் பேனரில் போட்டால் இரண்டு வரி வரும். பென்னலூரை அடுத்த ஒரு சிற்றூராட்சியில் அவர் நான்காவது வார்டு உறுப்பினர், பதினோரு ஓட்டில் ஜெயித்தவர். தொகுதி எம்.எல்.ஏ. செந்தமிழனுக்குப் பின்னால் பதினாறு வருஷம் பைல் தூக்கிக்கொண்டு அலைந்த பலனாக, போன சித்திரையில் இன்னொன்றும் கிடைத்தது. தொழிலாளர் தங்குமிட வாரியத்தில் அலுவலக உதவியாளர், மாதச் சம்பளத்தோடு. வாரியத்தின் தலைவர் யார் என்று கேட்கவே வேண்டாம். அதே செந்தமிழன்தான்.

நான்காவது வார்டு என்பது மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு தெரு. அதில் ஒன்று முழுக்க வாடகை ரூம்கள், ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பெண்கள் இருப்பது அங்கேதான். தண்ணீர் லாரி மூன்று நாளைக்கு ஒருமுறை வரும், அதுவும் டிரைவருக்கு மனசு வந்தால். ஷிப்ட் முடிந்து வரும் பாண்டிச்செல்வி அவரை எங்கே பார்த்தாலும் மறித்து, குளிக்கத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பாள். ஜெபதாஸ் இரண்டு வருஷம் நாயாய் அலைந்து, அந்தத் தெருவுக்குக் குழாய் போடும் தீர்மானத்தை அடுத்த மன்றக் கூட்டத்தின் பட்டியலில் ஏற்றிவிட்டார். முன்மொழிய வேண்டியவரும் அவரே. அவர் உருப்படியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான் என்று அவர் மனைவி அன்னபுஷ்பமே ஒப்புக்கொண்டாள். அவள் வாயில் நல்ல வார்த்தை வாங்குவது லேசுப்பட்ட விஷயமல்ல.

இந்த நேரத்தில்தான் செந்தமிழன் காதில் யாரோ ஒரு சட்டத்தைப் போட்டார்கள். எம்.எல்.ஏ.வாக இருப்பவர் சம்பளம் வருகிற வேறொரு அரசுப் பதவியில் உட்கார்ந்தால், எம்.எல்.ஏ. பதவியே பறிபோகும். மனிதர் ஆடிப்போனார். அன்றைக்கே, வாரியத் தலைவர் சம்பளம் தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். காரும் ஏ.சி. அறையும் வேண்டாம் என்று எழுத மறந்துவிட்டது.

தியாகம் செய்தால் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? பேனர் எழுதும் பொறுப்பு ஜெபதாஸ் தலையில் விழுந்தது. தண்டலத்தில் ஹைவேயைப் பார்த்து நாற்பதடியில் நின்றது அது. ‘சம்பளம் வேண்டாம் என்ற சரித்திரமே! வாரியத்தின் ஊதியத்தை உதறிய வள்ளலே!’ கீழே, எல்லா பேனரிலும் இருப்பதுபோல, பேனர் வைத்த ஜெபதாஸ் கும்பிட்ட கையோடு நிற்கும் படம். பெயருக்கு அடியில் இரண்டு வரி: வார்டு உறுப்பினர், அலுவலக உதவியாளர். இடம் பற்றாது, ஒன்றை எடுத்துவிடலாம் என்று பிளக்ஸ் கடைக்காரர் சொன்னார். ஜெபதாஸ் சம்மதிக்கவில்லை, எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லிவிட்டார்.

எதிர்க்கட்சி வக்கீல் பாண்டுரங்கன் அந்த வழியாகப் போனவர், காரை ஓரங்கட்டி மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார். ஒரே வாரத்தில் இரண்டு மனு போட்டார். கவர்னருக்குப் போனது எம்.எல்.ஏ. மேல், அரசு சம்பளத்தில் இருப்பவர் ஊராட்சி உறுப்பினராக இருக்க முடியாது என்று கலெக்டருக்குப் போனது வார்டு உறுப்பினர் மேல். இரண்டுக்கும் ஆதாரம் ஒரே பேனர். டீக்கடையில் அவரே இதை விளக்கினார்.

“வாங்கினாரா இல்லையான்றது கேள்வி கெடையாது. வாங்கலாமான்றதுதான் கேள்வி. சம்பளமே இல்லாத பதவின்னா இன்னாத்த வேணாம்னாரு? நாப்பதடில அவுங்களே எயுதி வெச்சிகீறாங்க.”

ஜெபதாஸ் பதினாறு வருஷம் எழுதிய பேனர்களில் ஒன்றைக்கூட யாரும் படித்ததில்லை. படித்த முதல் ஆள் இப்படிப் படித்துவிட்டார். மறுநாளே உதவியாளர் வேலையை ராஜினாமா செய்தார். வேலை போனால் போகட்டும், குழாய் தீர்மானம் வரைக்கும் வார்டு நின்றால் போதும் என்பது அவர் கணக்கு.

சட்டசபை கூடியது. அங்கே போனபிறகுதான் தெரிந்தது, எதிர்க்கட்சியிலும் மூன்று பேர் இதேபோல இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் மசோதா, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சட்டம். மேற்படி தலைவர் பதவிகள் ஆதாயம் தரும் பதவிகளே அல்ல, என்றைக்குமே அப்படி இருந்ததில்லை என்று முன்தேதியிட்டுச் சொன்னது அது. அன்று இரண்டு தரப்பும் சேர்ந்து மேசையைத் தட்டின. பாண்டுரங்கன் மேலிடத்துப் பேச்சைக் கேட்டு கவர்னருக்குப் போட்ட மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கலெக்டர் மனுவைப் பற்றி மேலிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அது அப்படியே நின்றது.

உத்தரவு வந்தது. வேலையில் சேர்ந்த அன்றைக்கே ஜெபதாஸின் உறுப்பினர் பதவி காலாவதி, பின்னால் வேலையை ராஜினாமா செய்தது கணக்கில் வராது. அன்னபுஷ்பம் அதை இரண்டு முறை படித்தாள்.

“ரெண்டு பேரும் பண்ணது ஒரே தப்பு. அவருக்கு சட்டத்த மாத்துறாங்க, உனக்கு சீட்டக் கிழிக்கிறாங்க. இத்த போயி கேக்க மாட்டியா நீ?”

கேட்கத்தான் போனார். செந்தமிழன் நல்ல சந்தோஷத்தில் இருந்தார், காபி கொடுக்கச் சொன்னார். அந்தச் சட்டத்திலேயே உதவியாளர் வேலையையும் ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா என்று ஜெபதாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சட்டசபைல கீறவங்களுக்குத்தான்யா சட்டசபை பாக்க முடியும். உனக்கு இன்னா வேணுமோ உங்க ஊராட்சில தீர்மானம் போட்டுக்க. ஒண்ணு சொல்றேன் ஜெபா, சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். நம்மளே மீறலாமா?”

ஜெபதாஸ் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். இந்த மனிதருக்காகப் பதினாறு வருஷம் வெயிலில் நின்றோமே என்று பஸ் முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

மன்றக் கூட்டத்தன்று வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே போக முடியாது என்று தெரிந்தும் போய், ஊராட்சி அலுவலகத்து ஜன்னலோரம் நின்றார். பாண்டிச்செல்வி அரை நாள் லீவு போட்டுக்கொண்டு குழாய் தீர்மானத்தைக் கேட்க வந்திருந்தாள். பதவி போன விவரம் அவளுக்குத் தெரியாது, சொல்ல இவருக்கும் வாய் வரவில்லை.

முதல் தீர்மானமாக, சட்டத்தின் மாண்பைக் காத்த எம்.எல்.ஏ.வுக்கு மன்றம் பாராட்டுத் தெரிவித்தது. ஒருமனதாக நிறைவேறி, உள்ளே மேசையைத் தட்டினார்கள். இரண்டாவதாக, நான்காவது வார்டுக் குழாய். முன்மொழிய அந்த வார்டின் உறுப்பினர் இல்லாததால் ஒத்திவைக்கப்படுகிறது என்று செயலர் படித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

பாண்டிச்செல்வி ஜன்னலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆளு இல்லன்னு சொல்லுதாவ. நீங்க இங்கனதான நிக்கிய அண்ணாச்சி?”