பன்னிரண்டு விநாடி

1

இந்தக் கதை ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் பிறந்தது. என்னைக் கட்டிக்கொள்வாயா என்று நாயகன் கேட்கிறான். நாயகி உடனே பதில் சொல்வதில்லை. அந்த மௌனத்துக்கு நாவலாசிரியர் ஒரு முழுப் பத்தி கொடுத்திருந்தார். அந்த நாவல் படமானபோது மௌனத்தைக் காப்பாற்றியவள் ஹெஸ்டர். படச்சுருளை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. ஹாலிவுட், 1936.

[முதல் தொடக்கம்: "வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஹெஸ்டர் மெல்ல—" வேண்டாம். அந்த ஊரில் மழை அபூர்வம்.]

2

படத்தில் நாயகி ஓட்டல் சலவைக்காரி. நாயகனுடைய கால்சட்டையை இஸ்திரிப் பெட்டியால் தீய்த்துவிட்டவள். சமையல்காரனிடம் இரவல் வாங்கிய குட்டைக் கால்சட்டையோடு அவன் மண்டியிடுகிறான். பின்பக்கம் கிழிகிறது. அவள் கிழிசலைப் பார்க்கிறாள். முகத்தைப் பார்க்கிறாள். "சரி" என்கிறாள்.

கிழிசலுக்கும் "சரி"க்கும் நடுவே ஹெஸ்டர் பன்னிரண்டு விநாடி விட்டிருந்தாள். தயாரிப்பாளர் டன்லாப் அதை ஸ்டுடியோவின் சின்ன அறையில் பார்த்தார்.

"என்னம்மா, அந்தப் பொண்ணு தூங்கிட்டாளா?"

"ஜனங்க சிரிப்பாங்க சார். அது அடங்கினாத்தான் அவ சொல்றது காதுல விழும்."

"இங்க யாரும் சிரிக்கலியே."

"நாம நாப்பது தடவ பாத்தாச்சு சார்."

இரண்டு விநாடி போதும் என்றார் அவர். மிச்சத்தை வெட்டாவிட்டால் திங்கட்கிழமை அவள் மேசையில் வேறு ஆள்.

3

அவள் வெட்ட மறந்துவிட்டாள் என்றுதான் முதலில் எழுதினேன். எனக்கு அது வசதி. ஆனால் விரல்களுக்கு இடையே படச்சுருளை ஓடவிட்டே விநாடி எண்ணுகிறவள் எப்படி மறப்பாள்? அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. வெட்டவில்லை.

4

ஞாயிறு மதியம், பக்கத்து ஊரான க்ளெண்டேலில் ஒரு தியேட்டர். வேறு படத்துக்கு வந்தவர்களுக்கு முன்னறிவிப்பின்றி இதைப் போட்டுக் காட்டினார்கள். வெள்ளோட்டம் அப்படித்தான் நடக்கும். டன்லாப்பின் பக்கத்து இருக்கையில் ஹெஸ்டர்.

கால்சட்டை கிழிந்தது. ஒரு விநாடி. இரண்டு. "சரி" வரவில்லை. டன்லாப் திரும்பி அவளைப் பார்த்தார். மூன்று. அரங்கில் சத்தமே இல்லை.

நான்காவது விநாடியில் யாரோ ஒரு பெண்ணால் அடக்க முடியவில்லை. அப்புறம் யாராலும் முடியவில்லை. கூரை அதிர்ந்தது. ஹெஸ்டர் திரையைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து. பதினொன்று. முன்வரிசையில் ஒருவர் அதட்டினார்: "சும்மா இருங்கப்பா, அவ என்ன சொல்றான்னு கேப்போம்."

பன்னிரண்டு.

"சரி."

கடைசி வரிசைவரை கேட்டது. அரங்கமே எழுந்து கைதட்டியது.

5

டன்லாப் அவள் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மன்னிப்பு கேட்டார். தன் யோசனைதான் என்றார். வேலையை விட்டுத் தூக்கி— எதுவும் நிற்கவில்லை.

ஏனென்றால் கைதட்டல் ஓயவில்லை. ஹெஸ்டருக்கே அவர் சொன்னது கேட்கவில்லை. அவருடைய வசனத்துக்கு யாரும் இடைவெளி விட்டிருக்கவில்லை.

நீங்கள் வேண்டுமானால் விடுங்கள்.