டிரம்மிலிருந்து ஒரு டம்ளர்

நேசகுமார் பூஞ்சாண நோய்க்குச் சுக்குப்பால் தெளிக்கப் போகிற தோப்பிலெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. தெளிப்பதற்கு முன்னால், கூடியிருக்கிறவர்கள் கண்ணெதிரே ஒரு டம்ளர் குடித்துக் காட்டுவார். முதல் கூட்டத்தில் எவனோ ஒருவன், "இவ்ளோ பேசறியே, நீ குடி பாப்போம்" என்று கேட்டுவிட்டான். அன்று குடித்தவர் பதினாறு வருஷமாக விடவில்லை. குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, "பூஞ்சாணத்துக்குத்தான் இது விஷம், மனுசனுக்கு இல்ல" என்பார். கார்வேட்டிநகரத்தைச் சுற்றி எட்டு ஊரில் இந்தப் பேச்சு பிரசித்தம்.

டம்ளரை நிரப்பித் தருவது மனைவி தபீதாளின் வேலை. சுக்கைத் தட்டித் தண்ணீரில் போட்டுப் பாதியாகச் சுண்டவைப்பதும், ஆடை எடுத்த பாலைத் தனியே காய்ச்சி ஆறவிட்டு அதோடு சேர்ப்பதும் அவள்தான். டிரம்மில் இருநூறு லிட்டர் தண்ணீரோடு கலக்குமுன் ஒரு சொம்பு மட்டும் எடுத்து மூடிவைப்பாள். குடித்துக் காட்ட அந்தச் சொம்பு. அதில் ஒரு துண்டு வெல்லமும் போடுவாள். அது புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்துவந்த சின்னக் கள்ளத்தனம்.

இன்றைக்கும் சொம்பில் பாலும் சுக்கும் வெல்லமும்தான். டிரம்மில்தான் வேறொன்றும் இருந்தது.

போன வருஷம் தை மாதத்தில் நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும். மா பூத்து நிற்கிற நேரத்தில் ஒரு வாரம் விடாமல் பனிமூட்டம். சுக்குப்பால் நோய் வருமுன் தெளிக்க வேண்டியது. வந்தபிறகு அதற்கு அவ்வளவு வலு இல்லை. நேசகுமார் சொன்ன நாளில் தெளிக்காமல் தள்ளிப்போட்ட இரண்டு தோப்புகளில் பூங்கொத்தெல்லாம் சாம்பல் பூசினாற்போல் வெளுத்துக் கொட்டிவிட்டது. பழி மட்டும் இவர் தலையில் விழுந்தது. மூன்று நாள் அன்னம் தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து, "அடுத்த பூவுக்கும் இந்த நோய் நிக்கலன்னா சுக்கு காய்ச்சற அடுப்ப இடிச்சிடறேன் தபீதா" என்றார். கன்னையாவின் தோத்தாபுரி மாந்தோப்பில் நாலு பேர் முன்னிலையிலும் அதையே சொல்லிவிட்டு வந்தார்.

இந்த வருஷமும் பனி இறங்கியது. கன்னையா தோப்பில் முதல் தெளிப்புக்கு முந்தின நாள் தபீதாள் தனியே போய்ப் பார்த்தாள். கீழ்க்கிளைப் பூக்களைச் சாம்பல் தொட்டுவிட்டிருந்தது. புருஷனிடம் மூச்சு விடவில்லை. பஸ் ஏறிப் புத்தூர் போய் மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கினாள். பார்க்கப் பால் போலவே வெள்ளையாக இருந்தது. "கையில படாம பாத்துக்கோம்மா, மூக்கக் கட்டிக்கினு அடிக்கச் சொல்லு" என்றார் கடைக்காரர். வேதாகமம் வைக்கிற பையில், பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் அதைச் செருகிக்கொண்டு வந்தாள். மறுநாள் நேசகுமார் ஸ்பிரேயர் எடுத்துவரப் போன நேரத்தில் பாதியை டிரம்மில் ஊற்றிக் கலக்கினாள். சுக்கு வாசனையில் அதன் நெடி அமுங்கிப் போயிற்று.

அன்று அவர் வழக்கம்போல வெறுங்கையோடு, மூக்கைக் கட்டாமல், பாடிக்கொண்டே அடித்தார். அவள் வரப்பில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பத்தே நாளில் தோப்பு தெளிந்துவிட்டது. சேதி பரவித் திருப்பதியிலிருந்து ஹரிதா மேடம் வந்துவிட்டார். இயற்கை விவசாயத்தை ஊர் ஊராய்ப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறவர். இன்றைக்கு நாற்பது விவசாயிகள் வேறு தோப்பில் கூடிவிட்டார்கள். இரண்டாம் தெளிப்புக்கு டிரம் தயாராக இருந்தது. பாட்டிலின் மறுபாதி விடியற்காலையிலேயே அதில் இறங்கியிருந்தது.

"செப்பண்டி அன்னா, சொல்லுங்க" என்று ஹரிதா மேடம் போனைத் தூக்கிப் பிடித்தார். நேசகுமார் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, சொம்புக்காகக் கையை நீட்டினார்.

"இரு, இரு" என்றார் கன்னையா. "வூட்ல இருந்து எடுத்தாந்த பால என் பேத்தி கூட குடிப்பா. அதுல வெல்லம் வேற போடறீங்களாம். மரத்துக்கு அடிக்கிறது டிரம்ல கீதே, அதுல மொண்டு குடி பாக்கலாம்."

கூட்டம் சிரித்தது. நேசகுமாரும் சிரித்தார். "வெல்லம் மேட்டர் ஒனக்கு யாருய்யா சொன்னது? சரி, அதுக்கின்னா. டிரம்ல எடு தபீதா."

அவள் நகரவில்லை. "வாணாங்க. பச்சத் தண்ணி கலந்தது. ஒங்களுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கினு கீது."

"அட, ஒரு டம்ளருமா."

அவரே மொண்டார். டிரம்மில் தண்ணீர்தான் அதிகம், ஒரு டம்ளரில் எத்தனை சொட்டு இருந்துவிடப் போகிறது என்று தோன்றியது அவளுக்கு. அந்தச் சொட்டு என்ன செய்யும் என்பதும் தெரியவில்லை. பாட்டிலில் எழுதியிருந்தது எறும்பு எழுத்து, அவளால் படிக்க முடிந்ததில்லை. டம்ளர் அவர் வாயருகே போனது.

"குடிக்காதீங்க. நான் மருந்து கலந்துட்டேன்."

"இன்னா மருந்து?" அப்போதும் அவர் முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது.

"கடை மருந்து. போன தபாவும் கலந்தேன்."

ஹரிதா மேடத்தின் போன் மெல்லக் கீழே இறங்கியது. நேசகுமார் அண்ணாந்து மரங்களைப் பார்த்தார். ஒரு பூங்கொத்திலும் சாம்பல் இல்லை. பத்து நாளாக வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கைகாட்டிப் பெருமையடித்த மரங்கள். டம்ளரைச் சிந்தாமல் வேர்மேல் வைத்தார்.

கன்னையா திட்டப்போகிறார் என்று தபீதாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவரோ அருகில் வந்து, "எம்மா, அது இன்னா மருந்து? பேரு இன்னா?" என்று கேட்டார்.

"பாட்டில் கையில கீதா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"டிரம்முக்கு எவ்ளோ ஊத்தினே?"

"பால்ல கலந்ததாலதான் இப்படிப் புடிச்சிக்கிச்சா, இல்ல வெறுந்தண்ணிலயே அடிக்கலாமா?"

அவள் பையிலிருந்து காலிப் பாட்டிலை எடுத்தாள். கை மாறி மாறிப் போனது. ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன், நன்றாகத் தெரியட்டும் என்று முந்தானையால் அதைத் துடைக்கச் சொன்னான். துடைத்துக் கொடுத்தாள். அவள் திரும்பிப் பார்த்தபோது நேசகுமார் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நின்றார். ஏறச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளே ஏறிக்கொண்டாள்.

பாதி வழியில், தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"செங்கம்மா தோட்டத்துத் தக்காளி? அதுலயும் கலந்தியா?"

"இல்லீங்க."

"ரங்கையா வேர்க்கடலை?"

"சத்தியமா இல்லீங்க. இந்த ரெண்டு தபாதான்."

"நம்ம சர்ச்சு பின்னால இருக்கிற கொய்யா?"

"இல்ல."

ஒவ்வொரு தோட்டமாக, ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். எதையும் விடவில்லை. அவள் இல்லை இல்லை என்றாள். எல்லாம் உண்மை. ஆனால் சொல்லச் சொல்ல அந்த இல்லை அவள் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

"முதல் வருசம்? நம்ம அரை ஏக்கர் நெல்லு, குலை நோய் வந்து, சுக்குப்பால் அடிச்சதும் நின்னுச்சே?"

"அப்ப எனக்கும் ஒங்களுக்கும் கல்யாணமே ஆவல. நான் பிச்சாட்டூர்ல எங்க வூட்ல இருந்தேன்."

"ஆமா" என்றார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"அப்ப அடுப்புல நின்னு சுக்கு காய்ச்சினது எங்கம்மா" என்றார்.