மறதிக்காரனிடம் கேட்டது

மனைவி கெஸ்கேயை அடக்கம் செய்த மறுநாள் காலை, ஓக்கோ அவளுடைய கைபேசியைச் சமையலறை மேசையின் மேல் வைத்துவிட்டுத் தேநீருக்கு வெந்நீர் போட்டார். மாடியில் மகள் தாலேயா நடப்பது கேட்டது. கொஞ்சம் நடப்பாள், நிற்பாள். மறுபடி நடப்பாள். விடிந்ததிலிருந்து அப்படித்தான். ஜன்னலுக்கு வெளியே கடலணையும் அதன் சரிவில் மேயும் ஆடுகளும் தெரிந்தன. கடல் அதற்கு அந்தப் பக்கம்; வற்றும்போது நடந்து போகக்கூடிய சேற்றுவெளி, ஏறும்போது எல்லாம் தண்ணீர். இங்கிருந்து தெரியாமல் இருப்பதே நல்லது என்று அவருக்கு இப்போது பட்டது.

ஹனோவரிலிருந்து வந்தது முதல் தாலேயா அழவில்லை. கல்லறையிலும் அழவில்லை. கெஸ்கேயின் உடலைக் கடலில் கண்டெடுத்தவர் பக்கத்து வீட்டு ஹார்ம். இறால் படகு வைத்திருப்பவர். அவர் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "நீங்க சும்மா இருங்க, ஹார்ம் மாமா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் கீழே வந்து உட்கார்ந்தாள். ஓக்கோ கோப்பையில் கற்கண்டு போட்டுத் தேநீரை ஊற்றினார். கற்கண்டு விரிசல் விடும் சத்தம் அந்த அறையில் பெரிதாகக் கேட்டது.

"தூங்கினியா?"

"இல்ல. நீங்க?"

"கொஞ்சம்."

அவர் தேநீரின் மேல் ஒரு கரண்டி பாலாடை விட்டார். அவளுடைய கோப்பையில் பாலாடை மேகம்போல விரிந்து, கலைந்து, அடங்கியது.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லுங்க. கடல் ஏறும்னு தெரிஞ்சேதான் அம்மா போனாளா?"

அவர் கரண்டியைத் தட்டில் நேராக வைத்தார்.

"அதுக்கு முந்தின நாள் போன் பண்ணினா. வாடி, ரெண்டு நாள் இருந்துட்டுப் போன்னா. எப்பப் பாரு இதே புலம்பல்தானா, எனக்கும் பொழப்பு இருக்குன்னு சொல்லி வச்சுட்டேன். மறுநாள் கடலுக்குள்ள போயிட்டா." அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "நான் சொன்னதாலதான, அப்பா?"

இந்தக் கேள்வியோடு இவளை ஹனோவருக்கு அனுப்ப முடியாது என்று ஓக்கோவுக்குத் தெரிந்தது. மாடியில் நடந்து நடந்து நின்ற அந்தக் காலடிகளை அவர் கேட்டிருந்தார். கெஸ்கேயும் கடைசி வாரங்களில் அப்படித்தான் நடந்தாள்.

ஓக்கோவுக்கு எதையும் வகைபிரித்து வைக்கும் புத்தி. பட்டறையில் ஒவ்வொரு திருப்புளிக்கும் தனி ஆணி. இணையத்தில் தேடுவதிலும் அதே கதைதான். கெஸ்கேயின் கைபேசியில் மூன்று தேடுபொறிகளை வரிசையாக வைத்துக் கொடுத்திருந்தார். கடை திறந்திருக்கிறதா, ரயில் எப்போது, கடல் எப்போது ஏறும் என்று கேட்பதற்குப் பெரியது. நாம் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியும். சமையலுக்கும் பின்னல் வேலைக்கும், விளம்பரக் காசில் மரம் நடுகிற இன்னொன்று. மூன்றாவது, கேட்டவரையும் கேட்டதையும் நினைவில் வைத்துக்கொள்ளாதது. கெஸ்கே அதற்கு மறதிக்காரன் என்று பெயர் வைத்தாள்.

"ஒரு சூப்பு குடிக்க மூணு கரண்டியா, ஓக்கோ? நல்லவேளை, பொண்டாட்டி மட்டும் ஒண்ணே போதும்னு விட்டியே."

வசந்தகாலத்தில் அவளுடைய கணையத்தில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். அந்த நோயின் பெயரை அவள் பெரியதிடம் போய்க் கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பொய்முடி விளம்பரம். பிறகு இறுதிச்சடங்குக் காப்பீடு. ஒருநாள் ஸ்வெட்டர் பின்னலுக்கு நடுவே கல்லறைக் கற்கள் வந்தன.

"இங்க பாரேன், என் கல்லுக்கு இப்பவே தள்ளுபடி போட்டிருக்கான்" என்று சிரித்தாள். அடுத்த முறை வந்தபோது சிரிக்கவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்றே ஓக்கோ மறதிக்காரனை முதல் இடத்துக்கு மாற்றினார். "இனிமே எல்லாத்தையும் இவன்கிட்டயே கேளு. வெளிய சொல்ல மாட்டான்" என்றார். அவளும் அப்படியே செய்தாள். கல்லறைக் கற்கள் வருவது நின்றது. மருத்துவர்களால் எதுவும் செய்ய முடியாத அந்தக் கோடையில் அவர் அவளுக்காகச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

கெஸ்கே போன அன்று அவர் மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். கைபேசி இதே மேசையில், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் அவளுடைய மூக்குக்கண்ணாடி மடித்து வைக்கப்பட்டிருந்தது. படுக்கப் போகும்போது அவள் அப்படித்தான் வைப்பாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். போலீஸ் வருவதற்குள் கண்ணாடியை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. போலீசார் கைபேசியைத் திறந்து பார்த்தார்கள். மறதிக்காரனிடம் கேட்டது எதுவும் அதில் தங்கியிருக்கவில்லை. விபத்து என்று எழுதிக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார்கள்.

இன்று விடியும்போது அவர் மூன்று பொறிகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்: இன்று கடல் எப்போது ஏறும்? பெரியது பக்கத்துத் துறைமுகத்தின் நேரத்தைச் சரியாகச் சொன்னது. மரம் நடுவதும் அதையே சொன்னது. மறதிக்காரனுக்கு இந்த வீடு எங்கே இருக்கிறதென்று தெரியாது. அது, கடலேற்றம் பல மணி நேரம் பிந்தி வரும் ஆற்றங்கரை ஊரான ஹாம்பர்க்கின் நேரத்தைக் காட்டியது. இங்கே சேற்றுவெளி முழுவதும் தண்ணீர் மூடி நிற்கும் வேளையில், அங்கே ஆறு வற்றிக் கிடக்கும்.

ஓக்கோ அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தேவைக்கு இதுதான் சரி என்று அப்போது நினைத்தார்.

"தாலேயா, இதைப் பாரு."

அவர் கைபேசியைத் திறந்து, மறதிக்காரனிடம் மறுபடி கேட்டு, அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குனிந்து படித்தாள்.

"ஹாம்பர்க்கா? இதுக்கு எதுக்கு ஹாம்பர்க்?"

"நாம எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியாது. ஏதோ ஒரு பெரிய ஊரை எடுத்துக்குது. அம்மா இதைப் பாத்துட்டு, இன்னும் நிறைய நேரம் இருக்குன்னு காலாற நடக்கப் போயிருக்கா."

"அம்மா போயி போன்ல கேட்டாளா? ஜன்னலைத் திறந்து பறவைச் சத்தத்தை வச்சே சொல்லுவாளே, கடல் ஏறுதா வத்துதான்னு."

"அது முன்னாடி. இந்த மருந்து சாப்பிட ஆரம்பிச்சதுலேர்ந்து கிழமையே அவளுக்குக் குழம்பிச்சு. எதுக்கெடுத்தாலும் இவனைத்தான் கேப்பா."

கெஸ்கேவுக்குக் கடைசிவரை எதுவும் குழம்பவில்லை. அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"ஊர்ப் பேரு போட்டிருக்கே, அப்பா."

"பொடி எழுத்து." அவர் இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மேசை மேல் வைத்தார். "இது இங்கயே கிடந்துச்சு. போடாமத்தான் போயிருக்கா."

தாலேயா கண்ணாடியைக் கையில் எடுத்தாள். அதன் காதுக் கம்பியில் கெஸ்கே சுற்றியிருந்த நீல நூல் இன்னும் இருந்தது. அவளுடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஓக்கோ அவள் தலையைத் தொடக் கையை நீட்டினார். அதற்குள் அவள் நிமிர்ந்தாள்.

"போன்ல இதை முதல் இடத்துல வச்சது யாரு?"

"நான்தான்."

"எல்லாத்தையும் இதுகிட்டயே கேளுன்னு சொன்னது?"

"நான்தான்."

"எதுக்கு எது, எதுக்கு எதுன்னு எங்க உயிரை எடுப்பீங்களே. கடல் நேரத்துக்கு மட்டும் இது ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையா?"

சொல்லவில்லை என்பது உண்மை. எல்லாத்தையும் என்று அவர் சொன்னபோது கடலைப் பற்றி நினைக்கவேயில்லை. இந்தப் பேச்சில் பொய் எங்கே முடிந்து உண்மை எங்கே தொடங்கியது என்று அவருக்கே ஒரு கணம் தெரியாமல் போனது.

"சொல்லல" என்றார்.

அவள் கண்கள் அவர் மேல் நிலைத்தன. இத்தனை நாளாக அவள் தன்மேலேயே வைத்திருந்த பார்வை அது. இப்போது இடம் மாறிவிட்டது. மாறவேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். அது இவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

தேநீர்ச் சாடியைத் தூக்கினார். இந்தக் கடலோர வீடுகளில் மூன்றாவது கோப்பை குடிக்காமல் யாரும் எழுந்ததில்லை. தாலேயா குடித்திருந்தது ஒன்றுதான். அவள் கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் நிறுத்தினாள். போதும் என்பதற்கு இங்கே அதுதான் அடையாளம். அவர் சாடியைக் கீழே வைத்தார்.

"மத்தியானத்துக்கு முன்னாடி ரயில் இருக்கா?" என்று அவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இரு, பாக்கறேன்." அவர் கை மேசையில் கிடந்த கைபேசியை நோக்கிப் போனது.

"வேணாம். நீங்க எதையும் பாக்க வேணாம்." தன்னுடைய கைபேசியை எடுத்துக்கொண்டு அவள் மாடி ஏறினாள்.

ஓக்கோ காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலடிகள் இந்தமுறை நடுவில் நிற்கவில்லை. அலமாரி திறந்தது. பெட்டியின் ஜிப் ஓடியது. நிற்காமல் நடக்கிறாள், அது போதும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு கெஸ்கேயின் கைபேசியை அணைத்தார். கண்ணாடியை மடித்து, அன்று இருந்தபடியே அதன்மேல் வைத்தார்.