மாத்திரை இல்லாத வீடு

வெள்ளைச் சட்டையில் நாலாவது பொத்தான் இல்லை. நாற்பது வருஷம் ஊராருக்கெல்லாம் தைத்துக் கொடுத்த மனிதரின் நல்ல சட்டை அந்த லட்சணத்தில்தான் அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளறைக்கு வந்தாள். அப்பாவைக் கிடத்த இடம் வேண்டுமென்று காலையில்தான் தையல் மிஷினை முன்னறையிலிருந்து இங்கே தள்ளியிருந்தார்கள். அதன் இழுப்பறையிலிருந்து பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, தரையில் கவிழ்த்தாள்.

பொத்தான்கள் உருண்டோடின. அவற்றின் மேல் மாத்திரை அட்டைகள் விழுந்தன.

அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த டப்பாவில் மாத்திரை வைக்கச் சொன்னதே அவள்தான். மருந்துக் கடை வேலை முடிந்து வரும்போது, மாதம் ஒரு தடவை, "புது பட்டன் வந்திருக்குப்பா" என்று அவருடைய தையல் கடையில் வைத்து அவரிடம் கொடுப்பாள். அவரும் முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு, "கலர் போகாதே?" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். ஆறு வருஷமாக இதே விளையாட்டு.

கடையைக் காலி செய்யுமுன் அவள் சேர்த்துக் கொடுத்தவை இன்றோடு தீர்ந்து, இந்த டப்பா காலியாக இருந்திருக்க வேண்டும். அடுத்த மாதத்துக்கான அட்டைகள் அவள் கைப்பையில் இருந்தன.

எண்ணினாள். பத்துப் பத்தாக நாலு முழு அட்டை. ஐந்தாவதில் இரண்டு. இன்னொரு முறை எண்ணினாள். நாற்பத்திரண்டு.

கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று கடையைக் காலி செய்து, மிஷினை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்து, இன்றோடு நாற்பத்திரண்டு நாள்.

*

எல்லாம் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்ததும் அம்மா அழுதாள். வலி மாத்திரையாகத் தின்று தின்று சிறுநீரகம் போய்ச் செத்த தன் அண்ணனைக் கிடத்தியிருந்ததைப் பார்த்தவள் அவள். "இந்த வீட்டுக்குள்ள மாத்திரை வரக்கூடாது. மூணு மாசம் என் கையில விடுங்க" என்றாள்.

அப்பாவுக்கு அவள் அழுதால் தாங்காது. "சரி" என்றுவிட்டு, கடைக்குப் போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மகளிடம், "ஒரு மாசம் போகட்டும். மெதுவா சொல்லிக்கலாம்" என்றார்.

ஒரு மாதத்தில் அழுத்தம் இறங்கியது. உப்பைக் குறைத்து, கீரையும் முளைகட்டிய பயறும் சுரைக்காய்ச் சாறும் பூண்டுக் கஷாயமுமாக அம்மா பாடுபட்டிருந்தாள். அழுத்தம் பார்க்கும் மிஷினில் அந்த எண்ணைப் பார்த்ததும், சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டிக் குதித்தாள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு யார் சொல்வது? அப்பா மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் முன்னறையில் அம்மாவின் சமையல் வகுப்பு. வகுப்பின் பெயர் 'மாத்திரை இல்லாத வீடு'. கடைசியில் அப்பா வருவார், கழுத்தில் அளவு நாடாவோடு. எல்லார் முன்னாலும் அம்மா அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்குவாள். "நூத்தி இருபத்திநாலு, எண்பது!" என்று உரக்கப் படிப்பாள். பெண்கள் கை தட்டுவார்கள். அப்பா துணிக்கடை பொம்மை மாதிரி நின்று சிரிப்பார். கதவோரம் நின்று மகளும் தட்டியிருக்கிறாள்.

*

இன்று காலை ஆறு மணிக்குக் குளியலறையில் சத்தம். அம்மா போன் செய்து, அவள் தன் வீட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அதே டாக்டர்தான்.

"மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கும். மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டுட்டுதானே இருந்தாரு?"

மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "மாத்திரையா? ஆறு வருஷமா ஒண்ணுகூட உள்ள போகல டாக்டர்" என்றாள். அழுகைக்கு நடுவிலும் அதில் ஒரு நிமிர்வு இருந்தது.

டாக்டர் மகளைப் பார்த்தார். மகள் கால்விரலைப் பார்த்தாள். அவர் இறப்புச் சான்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

போனில் தினமும் கேட்டாளே! "அப்பா, பட்டன்?" "ம்... ஆகுதும்மா." பக்கத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். காலையிலிருந்து படுக்கும் வரை இழுப்பறையைத் திறக்க ஒரு நிமிஷம் தனிமை கிடைக்கவில்லையா? கிடைத்திருக்கும். அவர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பார். அவர் வாழ்க்கையே பார்த்துக்கொள்ளலாம்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முன்னறையில் இனி யாரோடும் சண்டை போட முடியாமல் படுத்திருக்கும் மனிதர் மேல் வந்தது.

தையல் மிஷின் மேல் அம்மாவின் நீல நோட்டு இருந்தது. இரவு படுக்குமுன் அப்பாவின் அழுத்தத்தைப் பார்த்து எழுதிவைக்கும் நோட்டு. கடைசிப் பக்கங்களைத் திருப்பினாள். நூற்றிருபத்தாறு. நூற்றிருபத்திநாலு. அப்புறம் நூற்றுமுப்பத்தெட்டு. நூற்றைம்பது. நூற்றறுபத்திரண்டு. ஓரத்தில் அம்மாவின் உருண்டையான எழுத்து: 'பூண்டு இரண்டு பல் கூட.' 'உப்பு முழுசாக நிறுத்தம்.' 'வெயில் காரணமா?' 'மிஷின் பேட்டரி மாற்றினேன்.'

நேற்று இரவு: நூற்றெழுபத்திநாலு, நூற்றாறு. ஓரத்தில்: 'கஷாயம் மூன்று வேளை.'

பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பேட்டரியை மாற்றத் தெரிந்தவளுக்கு மகளுக்கு ஒரு போன் போடத் தெரியவில்லை.

*

கதவு தட்டப்பட்டது. அத்தை, அப்பாவின் தங்கை.

"ரெண்டு மணிக்கு வண்டி வந்துரும்டி. இன்னும் சட்டையை வச்சுக்கிட்டு என்ன பண்றே?"

மகள் அட்டைகளின் மேல் சட்டையைப் போட்டு மூடினாள். "பட்டன் தேடறேன் அத்தை."

"தையக்காரன் பொண்ணு பட்டன் தேடறா. எங்கண்ணன் கேட்டா எந்திரிச்சு வந்துருவான்." சிரிக்கப் பார்த்து, முடியாமல் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது. "தலை வெடிக்குது. பின் கழுத்துல யாரோ கட்டையை வச்சு அழுத்தற மாதிரி. அழுததுல வந்திருக்கும்."

"மாத்திரை போட்டீங்களா?"

"நான்தான் மூணு மாசமா விட்டுட்டேனே! எங்கண்ணனுக்கு ஒத்துக்கிட்டது எனக்கு ஒத்துக்காதா? ரெண்டும் ஒரே ரத்தம்தானே." அத்தை கண்ணைத் துடைத்தாள். "அண்ணி பாவம், இத்தனை சோகத்துலயும் எனக்குக் கஷாயம் சுட வைக்கப் போயிருக்கா."

மகள் அட்டைகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள்.

அடுப்பில் சின்னப் பாத்திரம். விடியற்காலையில் அப்பாவுக்காக வைத்து, அவர் குடிக்காமல் போன கஷாயம். அம்மா கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அதை இறக்கு."

"உங்கத்தைக்குத் தலைவலி..."

"இறக்குன்னு சொல்றேன்ல."

அம்மா திரும்பினாள். கண்கள் வீங்கியிருந்தன. "ஏண்டி கத்தறே? வாசல்ல ஆளுங்க இருக்காங்க. நானே எங்க தப்பு பண்ணினேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன். பூண்டு பழசா இருந்திருக்குமோ? ஆறு வருஷம் சரியா இருந்தது இந்த நாப்பது நாள்ல ஏன்..."

மகள் அட்டைகளை அடுப்பு மேடையில் போட்டாள். வெங்காயத் தட்டுக்கும் சீரக டப்பாவுக்கும் நடுவில் அவை பளபளத்தன.

"இதனாலதான்."

"என்னது இது?"

"அப்பாவோட மாத்திரை. ஆறு வருஷமா கடையில வச்சு தினம் ஒண்ணு போட்டுக்கிட்டாரு. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். தையல் மிஷினை இங்க கொண்டு வந்த நாள்லேருந்து ஒண்ணுகூட போடல. உன் முன்னாடி போட முடியாதே!"

அம்மா அட்டையை எடுத்தாள். விரலால் ஒவ்வொரு குமிழாகத் தடவிப் பார்த்தாள்.

"ஆறு வருஷமாவா?"

"ஆமா."

"கிளாஸ்ல நான் படிப்பேனே. எல்லாரும் கை தட்டுவாங்களே." குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "நீயும் தட்டினியே."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"சொல்ல விட்டியா நீ? மாத்திரைன்னு வாயைத் திறந்தா அழுவே. நூத்தி எழுபத்திநாலும்மா! நேத்து ராத்திரி உன் கையால எழுதியிருக்கே. எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா அவரு இப்ப..."

"பண்ணியிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே? சொன்னேன் பார்த்தியான்னு சொல்லியிருப்பே." அம்மாவின் குரலும் ஏறியது. "புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல மறைச்சு வைக்கச் சொல்லி உன்னை யாருடி கேட்டா? என்னை முட்டாளாக்கி, நாலு பேரு முன்னாடி நிக்க வச்சு... அப்பனும் பொண்ணும் சேர்ந்து சிரிச்சீங்களா?"

"சிரிச்சோம்."

அடுப்பில் கஷாயம் கொதித்துப் பொங்க ஆரம்பித்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

"டோஸைப் பாதியாக் குறைச்சாரு டாக்டர்," மகள் சொன்னாள். கத்தித்தான் சொன்னாள். "ரெண்டு வருஷம் முன்னாடி. எடை குறைஞ்சிருக்கு, நல்ல சாப்பாடு, வீட்ல யாரு சமைக்கிறாங்கன்னு கேட்டாரு. அப்பாவுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அதைக்கூட உன்கிட்ட சொல்ல முடியல. சொன்னா எல்லாத்தையும் சொல்லணும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

"உங்கத்தை மாத்திரையை விட்டு மூணு மாசம் ஆகுது," என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

அலமாரியிலிருந்து அழுத்தம் பார்க்கும் மிஷினை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

*

முன்னறையில் அப்பாவைச் சுற்றி வகுப்புப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அத்தையின் எதிரே மண்டியிட்டாள்.

"கையை நீட்டு."

"கஷாயம் எங்க அண்ணி?"

"கையை நீட்டுன்னேன்."

பட்டை உப்பியது, முனகியது, தளர்ந்தது. சனிக்கிழமை போலவே எல்லாரும் காத்திருந்தார்கள். அம்மா சனிக்கிழமைக் குரலிலேயே படித்தாள்.

"நூத்தி எழுபத்தாறு. நூத்தி நாலு."

யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"உங்கள்ல யாரெல்லாம் என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினீங்க?"

பேங்கில் வேலை பார்க்கும் அம்மாள் மெதுவாகக் கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு கை. சன்னலோரம் ஒன்று. அப்பாவின் கால்மாட்டில் ஒன்று.

அம்மா ஒவ்வொரு கையாகப் பார்த்தாள்.

"அவரு நிறுத்தல," என்றாள். "எனக்குத் தெரியாம ஆறு வருஷமா சாப்பிட்டாரு. அதனாலதான் அந்த நம்பர் வந்துச்சு. நிறுத்தி இன்னைக்கு நாப்பத்திரண்டாவது நாள். என் சமையலைச் சமைங்க, நல்லதுதான். ஆனா இன்னைக்கே அவங்கவங்க டாக்டரைப் போய்ப் பாருங்க."

"அண்ணி, என்ன சொல்றீங்க? எங்கண்ணனா..."

"உன் மாத்திரை எங்க?"

"பையில இருக்கு. தூக்கிப் போட மனசு வரல."

மகள் வாசலில் நின்று டாக்டருக்குப் போன் செய்தாள். அத்தையின் அழுத்தத்தையும் மாத்திரையின் பெயரையும் சொன்னாள். "அதையே இப்ப ஒண்ணு கொடுங்க. உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் கார் எடுக்கக் கிளம்பினார். "ரெண்டு மணிக்குள்ள திரும்பிடலாம். வண்டியை நிக்க வைக்கறேன் அத்தை" என்றாள் மகள்.

அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். வெறும் தண்ணீர். அத்தை மாத்திரையை வாயில் போட்டு விழுங்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

மகள் உள்ளறைக்குத் திரும்பினாள். தரையில் சிதறியவற்றிலிருந்து நாலு துளை வெள்ளைப் பொத்தான் ஒன்றைத் தேடி எடுத்தாள். ஊசியில் நூல் ஏறவில்லை. இரண்டு தரம் முயன்றாள், மூன்றாவது தரம் முயன்றாள். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்வது தெரிந்தது. அம்மா அவள் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி, நூல்முனையை உதட்டில் ஈரமாக்கிக் கோத்து, மகளின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். பிறகு எழுந்து, காலண்டரைப் பார்த்தபடி நின்றாள்.

மகள் தைத்தாள். துளைகளில் குறுக்காக இரண்டு முறை, சுற்றிலும் மூன்று சுற்று, அடியில் ஒரு முடிச்சு. அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே. கத்தரி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நூலைப் பல்லால் கடிக்காதே என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

அவள் சட்டையை முகத்தருகே கொண்டுபோய், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.