வெளிநாடு போன வலது கை

தானியேலின் வலது கையைப் பற்றி ஆம்பூரில் தெரியாதவர்கள் இல்லை. அது இருந்த காலத்திலும் சரி, போன பிறகும் சரி. ஒருமுறை ரயில்வே கேட் அருகே வழிமறித்து நின்ற எருமை ஒன்றை அது அறைந்தது. அன்றிலிருந்து அந்த எருமை சிவப்பு விளக்கைக் கண்டால் நின்றுவிடும். சேலத்து லாரி டிரைவர் ஒருவர் அதே கையால் அறை வாங்கி, மயக்கம் தெளிந்து எழுந்தபோது சரளமாகத் தெலுங்கு பேசினார். பிறகு அவருக்குச் சித்தூர் லைன் கிடைத்தது. நன்றாக இருக்கிறார்.

எல்லோரையும் விட அந்தக் கையை நெருக்கமாக அறிந்தவள் அவன் மனைவி அமிர்தவள்ளி. அவளுக்குப் புது மொழி எதுவும் வரவில்லை. ஒரு கடைவாய்ப் பல் போனது, ஒரு கம்மல் நசுங்கியது, சர்ச்சுக்குப் போகும்போது முந்தானையைக் கன்னத்தோடு இழுத்துப் போர்த்துகிற வழக்கம் வந்தது. அவ்வளவுதான்.

தோல் பதனிடுகிற ஷாப்பில் சதை வழிக்கிற மெஷினில் தானியேலுக்கு வேலை. ஊறிக் கொழகொழத்த தோலை உருளைகளுக்கு நடுவே தள்ள வேண்டும். ஒருநாள் தோலோடு கையும் போனது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் திரும்பி வரவில்லை. மெஷினைப் பிரித்துப் போட்டுத் தேடியும் கிடைக்காததால், அதுவும் தோலோடு தோலாகப் பதமாகி, சாயம் ஏறி, இத்தாலிக்கு ஏற்றுமதியாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்தில் வெளிநாடு போன முதல் ஆள் அந்தக் கைதான்.

காண்டிராக்டர், ஆஸ்பத்திரிச் செலவில் பாதியையும் ஒரு டஜன் ஆரஞ்சுப் பழத்தையும் கொடுத்துவிட்டு போன் நம்பரை மாற்றிக்கொண்டார். ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த அமிர்தவள்ளி, புருஷனைக் குளிப்பாட்டிக் கட்டு மாற்ற ஆளில்லாமல் வேலையை விட்டாள். இரண்டு சம்பளமும் ஒரே மாதத்தில் நின்றன. வேலூர் முதலாளி ஒருவரிடம் தண்டலுக்குக் கடன் வாங்கினார்கள். தண்டல் என்றால் தினமும் வாசலுக்கு ஆள் வரும், அன்றன்றைய தவணையைக் கொடுத்தாக வேண்டும்.

கட்டுப் பிரித்த பிறகு அவள் வீட்டிலேயே ஷூ தைக்க ஆரம்பித்தாள். ஜியாவுல்லா பாய் கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்பாகத்தை, அப்பர் என்பார்கள், மூட்டையாக எடுத்துவந்து வீடு வீடாகக் கொடுப்பார். அவள் குத்தூசியால் துளையிட்டு மெழுகு நூலைக் கோப்பாள். தானியேல் முழங்கால்களுக்கு நடுவே அப்பரை இடுக்கி, நூலைப் பல்லால் கடித்து இழுப்பான். இருவருக்குமாகச் சேர்த்து மூன்று கைகள், ஒரு வாய். வேலை நடந்தது. ஆனால் அவனுக்குக் கோபம் மட்டும் குறையவில்லை. நூல் அறுந்தால்கூட மொட்டைக்கை தோளுக்கு மேல் எழும். அவள் தலை தானாகக் குனியும். குனிந்த பிறகுதான் அங்கே கை இல்லை என்பது இருவருக்கும் நினைவு வரும். இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

தண்டல் வசூலுக்கு வந்தவன் பூவரசன். ஒடுகத்தூர்க்காரன், நல்ல உயரம். அவனும் அந்தக் கையின் பழைய வாடிக்கையாளன்தான். பல வருடங்களுக்கு முன் பஸ் ஸ்டாண்டில், ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு தானியேல் பிடித்திருந்த சீட்டில் அவன் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தான். ஒரே அறை. அன்று முதல் அவன் இடது காதுக்குள் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பஸ் ஏறவே பயந்து தவணையில் பைக் வாங்கினான். பைக் தவணை கட்டத் தண்டல் வேலையில் சேர்ந்தான். தானியேலுக்குக் கை போன செய்தி கேட்டதும், ஆம்பூர் லைனை எனக்குக் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

முதலில் சில நாள் தெருவில் நின்றே காசு கேட்டான். கண் மட்டும் தானியேலின் மடித்துக் குத்திய சட்டைக் கையிலேயே இருக்கும். பிறகு வாசலுக்கு வந்தான். காசு குறைந்த ஒருநாள் தண்ணீர் டிரம்மை உதைத்துக் கவிழ்த்தான். இன்னொரு நாள் மின்விசிறியின் இறக்கைகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு மடக்கினான். பின்னும் ஒருநாள், கொதிக்கிற சோற்றுப் பானையில் பீடியை அணைத்துவிட்டு, தானியேலின் கன்னத்தை இரண்டு தட்டுத் தட்டி, நல்லா இருக்கியா அண்ணே என்று கேட்டான். தானியேலின் இடது கை அடிக்கப் பழகாத கை. அது சோறு பிசையவே இன்னும் கற்றுக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அவன் சுவரில் முட்டி நெற்றியைக் கிழித்துக்கொண்டான். அமிர்தவள்ளி மஞ்சளை வைத்து அழுத்தினாள். சுவரில் இருந்ததைத் துடைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் ஒரு முழு மூட்டை அப்பர் தைத்து முடிந்திருந்தது. சாயங்காலம் கண்டெய்னர் கிளம்புகிறது, அதற்குள் சரக்கு வர வேண்டும், ஒன்று குறைந்தாலும் இனி இந்த வாசலுக்கு வரமாட்டேன் என்று ஜியாவுல்லா பாய் சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லுகிறவரில்லை. அந்த மூட்டை போனால் அமிர்தவள்ளிக்கு வேலை போனது. வேலை போனால் அடுப்பு போனது.

காலையில் பூவரசன் வந்தான். கூடவே ஜான்சன் என்று ஒருவனையும் கூட்டிவந்திருந்தான். ஜான்சன் தானியேல் போகிற சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருக்கிறவன். வந்ததும் ஸ்தோத்திரம் அண்ணே என்று கும்பிட்டுவிட்டு, சாமான் அடுக்கை மரியாதையாக உதைத்துத் தள்ளினான்.

பூவரசன் மூட்டையைப் பார்த்துவிட்டான்.

"யக்கா, இதுல இன்னா?"

"அதத் தொடாத பூவரசா. பாய் சரக்கு. அது போச்சுன்னா என் வேல போச்சு. அப்புறம் உனக்கு எங்கேர்ந்து காசு குடுப்பேன்?"

"நீ குடுக்கவே வாணாம். வேலூர் மார்க்கெட்ல வித்து நானே எடுத்துக்கறேன்."

"விக்க முடியாது. எல்லாமே இடது கால்."

அது உண்மை. ஜியாவுல்லா பாய் தொழில் செய்கிற முறை அது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கத் தெருவுக்கு இடது கால் மட்டும் கொடுப்பார், அந்தப் பக்கத் தெருவுக்கு வலது கால் மட்டும். ஜோடியாகக் கொடுத்தால் யாராவது ஒரு ஜோடியை நகர்த்தி விடுவார்கள். தைக்கிற எல்லா வீட்டுக்கும் இது தெரியும். ஒடுகத்தூரில் வேர்க்கடலைதான் விளைகிறது. பூவரசனுக்கு எப்படித் தெரியும்?

அவன் சிரித்தான். மூட்டையைக் கவிழ்த்து தரையில் கொட்டினான். குந்தி உட்கார்ந்து ஜோடி தேடினான். ஒன்றை எடுத்தான், இடது. இன்னொன்று, இடது. குவியலின் அடிவரைக்கும் கையை விட்டான். மெல்ல அவன் முகம் கறுத்தது. இவள் வலது கால்களை எல்லாம் ஒளித்து வைத்துக்கொண்டு தன்னைக் கேனையன் ஆக்குகிறாள் என்று அவனுக்குத் தீர்மானமாகிவிட்டது.

"வலது எங்கடி வெச்சிருக்க?"

அவள் சொன்னாள். அவன் நம்பவில்லை. மறுபடி சொன்னாள். அவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தலையைச் சுவரில் மோதினான். வலது எங்கே என்றான். மறுபடியும் மோதினான். ஜான்சன் வலது கால்களைத் தேடி அரிசி டின்னைக் கொட்டினான், தலையணையைக் கிழித்தான், சிலிண்டரைத் தூக்கி அதன் அடியிலும் பார்த்தான். சுவரில் ரத்தம் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. அமிர்தவள்ளிக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனது. அப்போதும் அவள் பார்த்தது அப்பர்களைத்தான். ஜான்சன் அவற்றின் மேல் மிதித்துக்கொண்டிருந்தான்.

மூலையிலிருந்து தானியேல் எழுந்தான். கை இல்லை என்பது அவனுக்கு அந்த நேரத்தில் சுத்தமாக மறந்துவிட்டது. பழைய நாட்களைப் போலவே இடுப்பிலிருந்து திரும்பி, தோளைச் சுழற்றி, வலது பக்கத்திலிருந்து வீசினான். சட்டைக் கை அவிழ்ந்து காலியாகப் பறந்தது.

பூவரசனின் உடம்புக்கும் அது மறந்துவிட்டது. அந்த வீச்சு வருகிற திசையை அவன் காது அறியும். அலறிக்கொண்டு கூந்தலை விட்டான், பின்பக்கமாகத் துள்ளினான், பின்மண்டை கதவின் இரும்புத் தாழ்ப்பாளில் மோதியது. தாழ்ப்பாள் வளைந்தது. அவன் முன்னால் சரிந்து ஆட்டுக்கல்லில் வாயை வைத்தான். முன்பற்கள் இரண்டும் ஆட்டுக்கல் குழியில் விழுந்து, ஆட்டுவதற்குத் தயாராகக் கிடந்தன. அதே நேரத்தில் ஜான்சனும் குனிந்தான். அமிர்தவள்ளியும் குனிந்தாள். தெருவில் கட்டியிருந்த ஆடும் தலையைத் தாழ்த்தியது என்று பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹான் இன்றைக்கும் சொல்கிறாள்.

அஃப்ஸர் ஜஹான் அப்போது வாசலில்தான் இருந்தாள். தைத்துக்கொண்டிருந்தவள் கையோடு வந்துவிட்டதால் குத்தூசியும் வந்திருந்தது. குனிந்து நின்ற ஜான்சனின் பின்பக்கம் வசதியாகத் தெரிந்தது. பிடிவரைக்கும் இறக்கினாள். ஜான்சன் பாட்டுக் குழுவில் அதுவரை யாரும் தொடாத சுருதியைத் தொட்டுவிட்டு, ஊசியோடு ஓடினான். பைக்கில் உட்கார முடியாமல் நின்றபடியே மாதனூர் வரை ஓட்டிப் போனானாம்.

அமிர்தவள்ளி எழுந்தாள். முதலில் அப்பர்களைப் பொறுக்கினாள். பூவரசனுக்கு அடியில் இரண்டு கிடந்ததால் அவனை விலாவில் உதைத்துப் புரட்டினாள். பிறகு அடியில் எதுவும் இல்லாதபோதும் உதைத்தாள். போதும் என்று அஃப்ஸர் ஜஹான் இழுத்துப் பிடிக்கும் வரை உதைத்தாள். சில அப்பர்களில் ரத்தம் பட்டிருந்தது. துணியால் துடைத்து மெழுகு தேய்த்தாள். பிரவுன் தோலில் ரத்தம் தெரியாது. அந்த ஊர்த் தொழிலின் நல்ல குணங்களில் அது ஒன்று. மூட்டையைக் கட்டி அஃப்ஸர் ஜஹானிடம் கொடுத்து, பாயிடம் நேராகப் போய்ச் சேர்த்துவிடச் சொன்னாள். மூட்டை தெருமுனை திரும்பிய பிறகுதான் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. பூவரசன் தலையில் கட்டோடு அங்கே உட்கார்ந்திருந்தான். தானியேல் வலது கையால் அறைந்து மண்டையையும் பல்லையும் உடைத்தான் என்று புகார். எஸ்.ஐ. தமிழினி புகாரைப் படித்தாள், தானியேலைப் பார்த்தாள், மறுபடி புகாரைப் படித்தாள்.

இதில் சிக்கலே இல்லை. சட்டையைத் தூக்கி மொட்டைக்கையைக் காட்டினால் போதும், வழக்கு அங்கேயே செத்தது. ஆனால் தானியேல் நெஞ்சை நிமிர்த்தினான். அவனைக் கண்டு ஒருவன் அலறி எத்தனை காலமாயிற்று.

"ஆமா மேடம். நான்தான் அடிச்சேன்."

"எந்தக் கையால?"

"வலது கையாலதான்."

எஸ்.ஐ. பேனாவை வைத்துவிட்டாள். கை இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை நின்றுபோகும், யோசித்துச் சொல்லு என்றாள். தானியேல் யோசிக்கவில்லை. சரி, நீயாவது நானாகத்தான் விழுந்தேன் என்று சொல்லப்பா என்று பூவரசனிடம் கேட்டாள். அவன் அதற்கும் சம்மதிக்கவில்லை. ஒரு காலிச் சட்டைக்குப் பயந்து ஆட்டுக்கல்லில் விழுந்தவன் என்று பேர் வந்தால் அப்புறம் எந்தத் தெருவில் போய்த் தண்டல் கேட்பது? அடிதான், சுத்தமான அடி, அஞ்சு விரலும் பதிந்தது என்று பல்லில்லாத வாயால் சாதித்தான்.

எஸ்.ஐ. அமிர்தவள்ளியின் பக்கம் திரும்பினாள். உள்ளே நடந்ததைப் பார்த்தவள் நீதான், நீ சொல்லு என்றாள்.

அமிர்தவள்ளிக்குத் தலை இன்னும் விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் யோசித்தாள். இவன் தானாக விழுந்தான் என்றால் நாளை மறுநாள் பத்துப் பேரோடு வருவான், அடுத்த மூட்டையும் போகும். கையால் விழுந்தான் என்றால் வரமாட்டான். உதவித்தொகை பயம் அவளுக்கு இல்லை. இந்த எஸ்.ஐ. பொம்பளை இதை எழுதிவிட்டு மேலதிகாரி முகத்தில் எப்படி முழிப்பாள்?

"அந்தக் கைதான் மேடம்," என்றாள். "எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் வாங்கியிருக்கேன்."

எஸ்.ஐ. அவளுடைய வீங்கிய நெற்றியையும், தானியேலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புகாரை நான்காகக் கிழித்தாள். பொம்பளை மண்டையைச் சுவரில் மோதினதற்கு வேறே கேஸ் போடட்டுமா என்று பூவரசனைக் கேட்டாள். அவனுக்கு உடனே வேறு வேலை நினைவுக்கு வந்துவிட்டது.

அமிர்தவள்ளி அவனை வெளியே புங்கமரத்தடியில் நிறுத்தினாள். இனி வாரத்துக்கு ஒருமுறைதான், சனிக்கிழமை டீக்கடையில் நானே கொண்டுவந்து தருவேன், முடிந்ததைத் தருவேன், வட்டிக்கு வட்டி கிடையாது, முதலாளியிடம் நீயே சொல்லிக்கொள் என்றாள். பூவரசன் காதைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"டீக்கடைக்கு அண்ணனும் வருவாரா?"

"நான் வர வாணான்னா வரமாட்டாரு."

அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது தானியேல் ஓரடி வளர்ந்திருந்தான். தலையைக் குனிந்துதான் நிலைப்படிக்குள் நுழைந்தான். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மட்டன் எடுக்கச் சொன்னான். காசில்லை, கொட்டின அரிசியைப் பொறுக்கிக் கஞ்சி வைக்கிறேன் என்று அவள் சொன்னாள். ஊரையே நடுங்க வைத்தவனுக்கு ஒரு கஞ்சியா என்று எழுந்தான். இடுப்பு திரும்பியது, தோள் சுழன்றது, மொட்டைக்கை மேலே போனது.

அவள் முறத்திலிருந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவுமில்லை, குனியவுமில்லை.

"இந்தாய்யா," என்றாள். "அந்தக் கை இருக்குதுன்னு ஸ்டேஷன்ல சொன்னது நானு. நாளைக்கே போயி இல்லன்னு சொல்லட்டுமா? பூவரசன் மறுபடி வருவான். உன் கன்னத்தத் தட்டுவான்."

தானியேல் நின்றான். கை மெதுவாக இறங்கியது.

அதற்கப்புறம் அந்தக் கை, அவளைக் கேட்காமல் எங்கேயும் போனதில்லை.