பின் அச்சுக்கு மேலே ஒரு சொட்டு

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்கு வர மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் மரியதாஸ், ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார். சிறுநீரகம் கெட்டு ஒன்றரை வருஷமாகிறது. வாரம் இரண்டு தடவை பாண்டிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

எல்லாம் இந்தக் காரால் வந்த வினை. இருபத்தைந்து வருஷத்துப் பழைய கார். ஒரு மாதமாக உள்ளே பெட்ரோல் நாற்றம். அவருக்கு ஏற்கெனவே சோறு இறங்காத வயிறு. போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. பஸ்ஸில் கூட்டிப்போகலாம் என்றால், ரத்தம் சுத்தம் செய்து முடிந்ததும் அவரால் நிற்கவே முடியாது.

"விட்டுடு செல்வி. இந்த நாத்தத்துல போறதுக்கு வீட்லயே கெடக்கறேன்."

"எத்தினி நாளைக்குக் கெடப்பீங்க? அதயும் சொல்லிடுங்க" என்றேன். கோபம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது.

மெக்கானிக் தங்கராசு இரண்டு தடவை பார்த்துவிட்டான். கார்புரேட்டர் பேக்கிங்கை மாற்றினான். ஓட்டை இருந்தால் அடைபடட்டும் என்று டேங்குக்கு அடியில் சோப்பைக் குழைத்துத் தேய்த்தான். "பழைய வண்டின்னா கொஞ்சம் வாசன இருக்கத்தான்க்கா செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிட்டான். இரண்டு தடவையும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் படுத்துப் பார்த்தான். அதை அன்றைக்குத்தான் யோசித்தேன்.

நான் இருபது வருஷமாக உப்பளத்தில் வேலை செய்கிறவள். வரப்பில் நண்டு வளை போட்டால் பாத்தித் தண்ணீர் இறங்கிவிடும். காய்ந்த வரப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வளை கண்ணில் படாது. மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் ஓடும்போது பார்க்க வேண்டும். அப்போது தானாகக் காட்டிக்கொடுக்கும்.

மத்தியானம் காரின் ஒரு பக்கச் சக்கரங்களை மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன். ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டுச் சாக்கை விரித்து அடியில் நுழைந்தேன். முன்பக்கம் காய்ந்து கிடந்தது. டேங்கும் காய்ந்துதான் இருந்தது. பின் அச்சுக்கு மேலே விரலை விட்டபோது ஜில்லென்றது. எஞ்சினுக்குப் போய் மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி வரும் குழாய் அது. எஞ்சின் ஓடினால்தான் அதில் பெட்ரோல் ஓடும். சொட்டு, இன்னொரு சொட்டு. உடனே வெளியே வந்து எஞ்சினை அணைத்தேன்.

ஆறவிட்டு மறுபடி நுழைந்து, குழாயைப் பிடித்திருந்த தகட்டைக் கழற்றினேன். துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. துருவோடு வெள்ளையாக ஒன்று. உப்பளத்துக்காரிக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து என் கையில் ஒட்டியிருந்த துருவையும் உப்பையும் பார்த்தார்.

"நாந்தான்" என்றார்.

உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். வேலைக்குப் போக முடியாமல் போன பிறகும் ஞாயிறுதோறும் காரை மோட்டார் கொட்டகைக்கு ஓட்டிப்போவார். பாத்திக்குப் பாய்கிற அந்தத் தண்ணீரையே குழாய் வைத்து, அடிச்சேறு போக அடித்துக் கழுவுவார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கழுவுகிறோம். பொழுதுக்கும் அதிலேயே கால் வைத்து நிற்கிறவர்களுக்கு அது உப்புத் தண்ணீர் என்ற நினைப்பே வருவதில்லை.

"ஒரு வேலதான் மிச்சம் இருந்துது. அதயும் இப்டிப் பண்ணி வச்சிருக்கேன்" என்றார்.

எனக்குத் திட்டத்தான் வாய் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் திட்ட முடியவில்லை. இந்த மனிதர் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

"கெடுத்தவரு நீங்கதான். சரி பண்ற வரைக்கும் நீங்களே கூட நில்லுங்க. தங்கராசுக்குப் போன் போடுங்க. என்னா குழா, எவ்ளோ நீளம்னு அளந்து சொல்லுங்க."

கயிற்றைப் பிடித்து அளந்து அவரே போனில் சொன்னார். திங்கட்கிழமை காலையில் தங்கராசு வந்தான். ஒரு சாண் குழாயை வெட்டி எடுத்துவிட்டு, பெட்ரோலுக்கென்றே விற்கிற ரப்பர் குழாயைச் செருகி இரண்டு பக்கமும் கிளிப் போட்டான். இவர் முட்டி போட்டுக் குனிந்து டார்ச் பிடித்தார். "அந்தாண்ட கிளிப்ப இன்னும் ஒரு சுத்து இறுக்குப்பா" என்று அதட்டினார். எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டோம். நான் அடியில் கிடந்து விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். ஈரமே இல்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எழுப்பியதும் வந்து காரில் உட்கார்ந்தார். பாண்டிக்கு முன்னால் வருகிற பொம்மையார்பாளையம் தாண்டும் வரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை. மறுபடி வாந்தி எடுப்பாரோ என்று பயம். பிறகு அவரே கேட்டார்.

"அடுத்தது வெள்ளிக்கிழமதான?"

"ஆமாங்க" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.