இடுப்பில் ஒரு தொட்டி

"இனிமே ஞாயித்துக்கிழமை காலைல என்கிட்ட யாரும் எந்த ஃபாரமும் கொண்டு வரக் கூடாது."

சொல்லிவிட்டேன். வீடு தேடி வந்தவர்களிடம் 'முடியாது' என்று மட்டும் சொல்லாதே என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த வீட்டில், பெரியப்பா டீ டம்ளரை வாயருகே கொண்டுபோன நேரத்தில்.

எங்கள் சொந்தத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தது வேதியியல். ஆனால் நாலு வருஷமாக ஞாயிறு விடிந்தால் என் வேலை கட்டம் கட்டமாகப் பெயர் எழுதுவது. பென்ஷன், முகவரி மாற்றம், சித்தி மகளின் கல்லூரி விண்ணப்பம். ஆறு மணிக்கே நாற்காலி நிரம்பிவிடும். அப்பா தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, தானே கல்லூரி நடத்துவதுபோல் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"காலங்காத்தால அப்படி எங்கம்மா போகப் போற?" என்றார் பெரியப்பா.

"மீன் பிடிக்க."

"மீன் பிடிக்கவா டிகிரி வாங்கினே?"

"ஃபாரம் நிரப்பவும் வாங்கல பெரியப்பா."

அப்பாவின் மெஷின் நின்றது.

ஆபீஸில் வேலையை விட்டுப் போன மேலாளரம்மா, "வீட்டுல சும்மா கெடக்கு, வச்சுக்கோ" என்று கொடுத்த தூண்டில் ஒன்று என்னிடம் இருந்தது. இரை கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் குட்டி மீன் மாதிரி காட்ட வேண்டும். தூண்டில் கயிற்றின் கனம்தான் அதைக் கடலுக்குள் கொண்டுபோகும். போனில் பார்த்துப் பார்த்து மாடியில் பழகினேன். வீசுவதற்கு முன் கயிறு முதுகுக்குப் பின்னால் முழுசாக நீளும்வரை பொறுக்க வேண்டுமாம். எனக்கு எங்கே பொறுமை? சாட்டை மாதிரி சொடுக்கி, முள்ளைத் தொலைத்துக்கொண்டே இருந்தேன். "சோறு போடாம பந்தி வைக்கிறியே, எந்த மீனு வரும்?" என்று அப்பா சிரித்தார். ஆனால் நூல் டப்பாவை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனார்.

போன வாரம் அரைநாள் லீவு போட்டுக் கடற்கரைக்குப் போனேன். இழுத்துப் போட்ட கயிறு காலடியில் சுருண்டு கிடந்தது. அலை அதை என் கணுக்காலில் சுற்ற, முழங்கால் தண்ணீரில் குப்புற விழுந்தேன். இடுப்பில் தொட்டி கட்டிக்கொண்டு கயிற்றை அதற்குள் விழவிட வேண்டுமாம். அம்மாவிடம் துணி அலசும் சின்ன பிளாஸ்டிக் தொட்டியைக் கேட்டேன். "என் உயிரை வேணா கேளு, அதைக் கேக்காத" என்று பின்கட்டுக்குத் தூக்கிப்போய்விட்டாள். மற்ற நாளில் விடிந்ததும் வேலைக்குக் கிளம்ப வேண்டும், திரும்பி வருவதற்குள் இருட்டிவிடுகிறது. காற்று எழும்பிக் கயிற்றைத் திருப்பி அடிப்பதற்கு முன் கடல் எனக்குக் கிடைப்பது ஞாயிறு காலை ஒன்றுதான்.

"உன் பொண்ணு பேசுறதைக் கேட்டியாடா?" என்றார் பெரியப்பா.

அப்பா மெஷினிலிருந்த துணியை எடுத்து மடித்தார். அவர் என்ன சொன்னாலும் போவது என்று நேற்றே முடிவு செய்துவிட்டேன். தூண்டிலை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டப் போனேன்.

வாசலோரம் தொட்டி இருந்தது. அம்மாவின் நீலத் தொட்டி. இரண்டு பக்கமும் துளை போட்டு, பேன்ட் துணியில் இரட்டைத் தையல் போட்ட பட்டை. அப்பாவின் தையல். அடியில் தண்ணீர் வடிய ஏழெட்டு ஓட்டைகள். இனி அதில் ஒரு கைக்குட்டைகூட அலச முடியாது.

பின்கட்டில் அம்மா பக்கெட்டுக்குள் குனிந்து சட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். "என்னடி மசமசன்னு நிக்கிற? காத்து கிளம்பிடும்" என்றாள், திரும்பாமலே.

பட்டையை இடுப்பில் கட்டினேன். அளவு எடுக்காமலே சரியாக இருந்தது.

உள்ளே அப்பா மெஷினை விட்டு எழுந்து என் நாற்காலியில் உட்காருவது தெரிந்தது. அஞ்சாவதோடு நின்றவர். பேனாவைத் துணியில் கோடு போடும் சாக்கட்டிபோலப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, பேரை எந்தக் கட்டத்துல இருந்து ஆரம்பிக்கணும்?" என்றார்.

நான் திரும்பிப் போய்க் காட்டவில்லை. தெருவில் இறங்கி நடந்தேன். காலி தொட்டி தொடையில் டொக் டொக்கென்று இடித்துக்கொண்டே வந்தது.